விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர்: தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை மட்டும் நம்பி, மூச்சுக்குத் தவிக்கிற யாரையும் வீட்டிலேயே படுக்க வைத்துவிடாதீர்கள். நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்கள், குளிரில் கை விறைத்தவர்கள், விறகடுப்புப் புகையில் காலம் முழுக்கச் சமைத்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. என் முடிவு இதுதான், காரணத்தை நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தச் சின்ன மெஷின் நம் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இப்போது நிறைய இடத்தில் இருக்கிறது, வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் வாங்கியது இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு பாமசியில். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, நான் சொல்லும் குறை ஒரு கம்பெனியின் குறை இல்லை, இந்த வகை மெஷின் எல்லாவற்றுக்கும் பொதுவானது. விலை கடைக்குக் கடை மாறுகிறது. ஆக மலிவானதே கொழுந்து பறிக்கிறவர்களின் ஒரு நாள் சம்பளத்துக்கு மேலே போகிறது, அதனால் வாங்குகிறவர்கள் யோசித்துத்தான் வாங்குகிறார்கள். அம்மாவுக்கு வருஷக்கணக்காக இளைப்பு இருக்கிறது, மழைக்காலம் தொடங்கினால் இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அதற்காகத்தான் வாங்கினேன். பெட்டிக்குள் மெஷின், கழுத்தில் மாட்டும் கயிறு, இரண்டு சின்ன பேட்டரி, ஒரு தாள். தாளில் இங்கிலீஷும் சீன மொழியும் இருந்தன. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம், இல்லாத வீட்டில் அந்தத் தாள் அடுப்புக்குத்தான் போகும். அதிலே சின்ன எழுத்தில் இருப்பதுதான் முக்கியமான எச்சரிக்கைகள் எல்லாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். விரலை உள்ளே வைத்து அமத்தினால் சில நொடியில் இரண்டு எண் வருகிறது, ஒன்று இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது, இன்னொன்று நாடித்துடிப்பு. வலி இல்லை, ஊசி இல்லை. எழுத்து பெரிதாக இருக்கிறது, லைட் போனாலும் தெரிகிறது. அம்மாவுக்கு எண் வாசிக்கத் தெரியும், எழுத்து அவ்வளவாக வராது, அவரே மாட்டிப் பார்த்து "இன்னைக்கு 94 புள்ள" என்று சொல்கிறார். இன்னொரு நன்மையும் உண்டு, அதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்ள மாட்டார்கள். நம் ஆட்கள் ஆஸ்பத்திரியில் போய் நின்றால் பல நேரம் தாதிக்கும் டாக்டருக்கும் தமிழ் தெரியாது, நம்மவர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, சிங்களம் அரைகுறை. நெஞ்சை அடைக்குது, மூச்சு வாங்குது, படுத்தா ஏறுது என்று அம்மா சொல்லும் மூன்றும் மூன்று வேறு விஷயம், போய்ச் சேருவது ஒன்றுகூட இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று, ஆனால் கிளினிக் வரிசையில் நிற்கும்போது மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள் என்பது அன்றைய அதிர்ஷ்டம். அங்கே 91 என்று ஒரு எண்ணைக் காட்டினால் அது நேராகப் போய்ச் சேருகிறது. எண்ணுக்கு இனமும் மொழியும் இல்லை என்று நானும் நினைத்தேன், நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைத் தருகிற மெஷின் எல்லாத் தோலையும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை.

எப்படி என்று சொல்கிறேன். கிளிப்பின் ஒரு பக்கத்தில் இருந்து இரண்டு வகை ஒளி வருகிறது, ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மற்றது தெரியாத அகச்சிவப்பு. விரலைத் தாண்டி மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று மெஷின் பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும், அந்த வித்தியாசத்தில் இருந்துதான் கணக்குப் போடுகிறது. ஜப்பானில் தகுவோ அஓயாகி என்ற பொறியியலாளர் 1974இல் கண்டுபிடித்த முறை இது, அவர் 2020 ஏப்ரலில் காலமானார், உலகமே கொரோனாவுக்காக இந்த மெஷினைத் தேடி அலைந்த அதே நேரத்தில். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். நாடியோடு துடிக்கிற பகுதியை மட்டும் பிரித்து எடுத்துவிட்டால் தோலின் நிறம் கணக்கில் சேராது என்பதுதான் எண்ணம், ஆனால் நடைமுறையில் அது முழுதாகப் பிரிவதில்லை. கறுத்த தோலில் உண்மையில் இருப்பதை விட அதிகமாகக் காட்டும் பக்கம் சாய்கிறது. குறைத்துக் காட்டினால்கூடப் பரவாயில்லை, வீணாகப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவோம், அவ்வளவுதான். கூட்டிக் காட்டுவதால் உள்ளே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும்போது வெளியே "நல்லா இருக்கு" என்று சொல்கிறது.

இது நேற்று தெரிந்ததும் இல்லை. 1990இலேயே அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் இந்த வித்தியாசத்தைக் கண்டு எழுதியிருக்கிறார்கள், 2005இலும் எழுதினார்கள். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்டதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. விரல் மெஷின் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், அதாவது பெரிய கவலை இல்லை என்று நினைக்கக்கூடிய எண் காட்டிய நேரத்தில், நாடியில் இருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தால் 88க்கும் கீழே இருந்தது எத்தனை முறை என்று பார்த்தார்கள். வெள்ளையர்களின் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பின மக்களின் அளவீடுகளில் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதற்குப் பிறகு 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிகளின் கொரோனா நோயாளிகளைப் பார்த்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்), ஆசியர் என்று வெள்ளையர் அல்லாதவர்களிடம் மெஷின் கூட்டிக் காட்டியது, அதனால் கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானியருக்கும் சிகிச்சை தேவை என்று தெரியவே தாமதம் ஆனது. ஆசியர் என்ற அந்த ஒரு பெட்டிக்குள் சீனாக்காரரும் நாமும் ஒன்றாகத்தான் கிடக்கிறோம், தோல் என்னவோ ஒன்று இல்லை.

ஏன் இப்படி ஒரு மெஷின் சந்தைக்கு வந்தது என்று கேட்டால், சோதித்த ஆட்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டல்படி குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும், அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், எது அதிகமோ அது. இரண்டே இரண்டு பேர்! உலகத்தில் பாதிக்கு மேல் கறுத்த, மாநிறத் தோல்காரர்கள் இருக்கிறோம். 2021 பெப்ரவரியில் அதே நிர்வாகம் எச்சரிக்கை விட்டது, 2025 ஜனவரியில் புது வரைவில் 150 பேர் அல்லது அதற்கு மேல் சோதிக்க வேண்டும், தோல் நிறங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். நல்லது. ஆனால் அது ஆஸ்பத்திரித் தரத்துக்கு உள்ள மெஷின்களுக்கு. பாமசியிலும் ஒன்லைனிலும் "பொது நலத்துக்கு, விளையாட்டுக்கு" என்று போட்டு விற்கிற சரக்கை அவர்கள் பரிசீலிப்பதே இல்லை. நம் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த வகைதான். நான் வாங்கிய பெட்டியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், யாருடைய தோலில் சோதித்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

சரி, தோல் மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. மலையில் இருக்கிற நமக்கு இன்னும் நாலைந்து விஷயம் சேருகிறது, அவற்றை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். நுவரெலியா டவுன் கடல் மட்டத்துக்கு 1868 மீட்டர் மேலே இருக்கிறது, அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆளுக்கே எண் ஓரிரு புள்ளி குறைந்து வரலாம். குளிரில் விரல் விறைத்திருந்தால் இரத்தம் விரல் நுனிக்கு ஒழுங்காக வராது, மெஷின் தடுமாறும், எண் ஏறி இறங்கும், சில நேரம் கோடு மட்டும் போட்டுவிட்டு நிற்கும். தோலின் தடிப்பும் கணக்கில் வரும் என்று அமெரிக்க நிர்வாகமே எழுதியிருக்கிறது. முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்த விரலைப் பார்த்தவர்களுக்கு நான் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, காய்ப்பு, வெடிப்பு, சாயக் கறை, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு எண், இடது கை நடுவிரலில் வேறு எண். நகப்பூச்சு இருந்தாலும் கெடுக்கும், அடர்த்தியாக மருதாணி வைத்திருந்தாலும் அந்த விரலைத் தவிர்ப்பது நல்லது.

புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பராக்களில் (அறை வீடுகளில்) குசினிக்குச் சன்னல் சரியாக இருக்காது, மழை நாளில் ஈர விறகு, கதவையும் சாத்தி வைப்போம். விறகுப் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது, அது இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிடும். இந்த மெஷினுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். ஆக, புகை மூட்டத்தில் மயங்கி விழுந்த ஆளுக்கு மாட்டினால்கூட 98 காட்டலாம். அதே மாதிரி இரத்தசோகை. நம் பெண்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கிளினிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மெஷின் சொல்வது இருக்கிற இரத்தத்தில் எத்தனை பங்கில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான், இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை இல்லை. பத்து கூடையில் பத்தும் நிறைந்திருந்தாலும் நூறு சதவீதம், மூன்றே கூடை இருந்து மூன்றும் நிறைந்திருந்தாலும் நூறு சதவீதம். வெளுத்துப்போய் மாடிப்படி ஏற முடியாமல் நிற்கிற கர்ப்பிணிக்கு 99 காட்டினால், அதில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

இதெல்லாம் புத்தகக் கதை இல்லை என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துக் காம்பராவில் ஒரு பெரியம்மா, சளி பிடித்து நாலைந்து நாள் இருமிக்கொண்டிருந்தார், ஒரு ராத்திரி மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, நடுவில் நடுவில் நின்று மூச்சு இழுக்கிறார். எங்கள் மெஷினைத்தான் எடுத்துக்கொண்டு போய் மாட்டினோம், 95 காட்டியது. அவர் மகன் வாகனம் கேட்டு, தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பொறுப்பானவருக்குப் போன் எடுத்தார். முதல் கேள்வியே "மெஷின் என்ன காட்டுது தம்பி?" என்பதுதான். "95 ஐயா" என்றார். "அப்ப பயமில்ல, காலையில டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான், போன் வைத்தாயிற்று. மெஷின் இல்லாமல் இருந்திருந்தால் அந்த அண்ணன் தன் அம்மாவின் நிலையை வாயால் விளக்கியிருப்பார், கெஞ்சியிருப்பார், மூச்சுச் சத்தத்தைப் போனில் கேட்க வைத்திருப்பார். எண் இருந்ததால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. கடைசியில் 1990 என்ற இலவச ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து, வண்டி லயத்து வரை ஏறாது என்பதால் பெரியம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து, கம்பளி போர்த்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம். வண்டியில் வந்த பிள்ளைகள் அவர் மூச்சு விடுவதைப் பார்த்த உடனேயே ஆக்சிஜன் போட்டார்கள், எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாடியில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது எங்கள் மெஷின் காட்டியதை விட நல்லாகவே குறைந்திருந்தது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். தோல் நிறமா, குளிரா, காய்த்த விரலா, புகையா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பெரியம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

1990 சேவையை இங்கே பாராட்டாமல் போக முடியாது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்த இலவச ஆம்புலன்ஸ். முன்பெல்லாம் கொழுந்து லொறியில் நோயாளியைக் கொண்டுபோன கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. டிக்கோயாவில் 150 கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டடமும் இந்திய உதவியில் வந்து, 2017 மேயில் மோடி வந்து திறந்தார். கட்டடம் வருகிறது, வண்டி வருகிறது, ஆனால் வண்டி வந்து நிற்கும் ரோட்டுக்கும் காம்பரா வாசலுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் அப்படியே இருக்கிறது.

ஏன் நம் இடத்தில் ஒரு எண் இவ்வளவு அதிகாரம் பெறுகிறது என்று யோசித்தால், ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே சும்மா போய்விட்டு வருகிற காரியம் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை, கூடப் போகிறவருக்கும் பேர் இல்லை. 2021இல்தான் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350. த்ரீவீலருக்கு இரவில் கேட்கிற காசு ஒரு நாள் சம்பளத்தை விழுங்கிவிடும். டிஸ்பென்சரியில் பெரும்பாலும் டாக்டர் இல்லை, ஈ.எம்.ஏ. என்கிற தோட்ட மருத்துவ உதவியாளர்தான், அவருக்குச் சம்பளம் தருவது தோட்டம். நாட்டில் மற்ற எல்லோருக்கும் அரசாங்க வைத்தியம் கிராமம் கிராமமாக வளர்ந்த காலத்தில், 1948 குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிகளை நாடற்றவர்கள் ஆக்கி வைத்திருந்தது, தோட்டத்து ஆளின் உடம்பு தோட்டத்துப் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின் மிச்சம் இன்னும் போகவில்லை. 2016இல் அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதம் பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள், தோட்டங்களில் அது சுமார் 32. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதே தீவு, அதே இலவச மருத்துவம். இப்படிப்பட்ட இடத்தில் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் எல்லோரும் தவிக்கும்போது 95 என்று ஒரு எண் வந்தால், அதைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடத்தான் தோன்றும். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளே நடந்தது நமக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே நடக்கிறது.

இன்னொன்று, இந்த மெஷின் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். ஊதிப் பார்க்கிற நுரையீரல் சோதனை இருக்கிறதே, அதிலும் இனத்தைப் பார்த்து "இவர்களுக்கு இவ்வளவு இருந்தால் போதும்" என்று குறைவான அளவை வைத்துக் கணக்குப் போடும் வழக்கம் பல காலம் இருந்தது, அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி என்கிற நுரையீரல் மருத்துவர் சங்கம் 2023இல்தான் இனம் பார்க்காத கணக்குக்கு மாறச் சொன்னது. அதன் வேர் அடிமை முறை காலத்தில், கறுப்பினத்தவரின் நுரையீரலே மட்டமானது என்று எழுதிய வைத்தியர்கள் வரை போகிறது. ஏழ்மையும் புகையும் கெடுத்த நுரையீரலைப் பார்த்து, உங்கள் இனத்துக்கு இதுதான் சாதாரணம் என்று சொல்லி அனுப்பிவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்.

அப்புறம் ஏன் வாங்கச் சொல்கிறேன்? ஏனென்றால் ஒரே ஆளுக்கு, ஒரே விரலில், தொடர்ந்து பார்த்து வந்தால் இது நல்ல துணை. தோல் நிறம் ஒரு நாளில் மாறுவதில்லை. அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் எவ்வளவு காட்டுகிறது என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம், வழக்கமாக 95, 96. அது 92 ஆனால், தாளில் என்ன போட்டிருந்தாலும் சரி, எங்களுக்கு அது இறக்கம்தான், கிளம்ப வேண்டும். மாட்டுவதற்கு முன் ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள், கையை வெந்நீர்ப் போத்தலிலோ கம்பளிக்குள்ளேயோ சூடாக்குங்கள், காய்ப்பு குறைந்த விரலைத் தேர்ந்தெடுங்கள், வெயில் நேராக விழாமல் பாருங்கள், எண் நிலைத்து நிற்கும் வரை பொறுங்கள், முதலில் வரும் எண்ணை எடுக்காதீர்கள். 90 காட்டினால் உண்மையில் 86இல் இருந்து 94க்குள் எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க நிர்வாகமே சொல்கிறது, அது மெஷினின் சாதாரணப் பிழை அளவு, கறுத்த தோலின் சாய்வு அதற்கு மேல்.

எல்லாவற்றையும் விட, மூச்சை எண்ணப் பழகுங்கள். இதற்குக் காசு இல்லை, தோல் நிறம் பார்க்காது, பேட்டரி தீராது. போனில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு நெஞ்சோ வயிறோ எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும், முழு நிமிஷமும் எண்ண வேண்டும், கால் நிமிஷம் எண்ணிப் பெருக்கக் கூடாது. சும்மா இருக்கும் பெரியவருக்கு 30க்கு மேலே போனால் எண் 97 காட்டினாலும் ஆபத்து. பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, இரண்டு மாசத்துக்குட்பட்டது என்றால் 60, ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பேசும்போது பாதியில் நிற்கிறாரா, தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் நடுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். உதடு நீலமாகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், நம் தோலில் அது வெளியே சீக்கிரம் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும். கீழுதட்டை விரித்து உள்பக்கமும் நாக்கும் பாருங்கள்.

வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது நம் நாட்டில் பதிவான மருத்துவ சாதனமா? 2015 சட்டத்தின் கீழ் மருந்துகளையும் சாதனங்களையும் பதிவு செய்யும் தேசிய அதிகாரசபை இருக்கிறது, பதிவு இல்லாத சரக்கை அரை விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். நாடித்துடிப்பு அலையாகத் தெரிகிற மொடலாகப் பாருங்கள், அலை ஒழுங்காக இல்லாவிட்டால் எண்ணையும் நம்ப வேண்டாம் என்று உடனே தெரிந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒன்று என்று இல்லை, ஒரு லயத்துக்கு ஒன்று சேர்ந்து வாங்கினாலும் போதும். டிஸ்பென்சரியிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறவர்களுக்கு நான் கேட்பதும் ஒன்றுதான், போனில் முதல் கேள்வியாக மெஷின் என்ன காட்டுகிறது என்று கேட்காதீர்கள், ஆள் எப்படி மூச்சு விடுகிறார் என்று கேளுங்கள்.

ஐந்தில் மூன்று கொடுக்கிறேன். தமிழில் ஒரு தாள் இருந்து, எந்தத் தோலில் சோதித்தோம் என்று கம்பெனி எழுதியும் இருந்தால் நாலு கொடுத்திருப்பேன். அந்தத் தாளை நாங்களே எழுதி, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டித் திருத்தி, லயத்துக் கோடிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதில் முதல் வரி, மூச்சு வாங்கினால் மெஷின் என்ன காட்டினாலும் 1990க்கு அடி. இரண்டாவது வரி, போனில் எண்ணைச் சொல்லும் முன் ஒரு நிமிஷ மூச்சுக் கணக்கைச் சொல். வேண்டும் என்பவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் லயத்திலும் ஒட்டுங்கள்.